எல்லம்மாள் கை நிறைய வளையல்

திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் வந்து, வளையல்கார சாந்த் பாஷா எப்படிப்பட்டவர் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். தூக்குக் கயிற்றிலிருந்து ஆளை இறக்கிய மனுஷர், தங்கமான மனுஷர் என்பார்கள். நான் அந்தத் தங்கத்தோடு குடித்தனம் நடத்தியவள். பெயர் ஜாஹிரா. என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வயிறு எரிந்தது என்றுதான் சொல்லியிருப்பேன். இன்னும் எரிகிறது. அதை மூடி மறைத்துப் பேச எனக்கு வராது.

வளையல்காரர் பெண்டாட்டிக்குப் பொறாமை கட்டுப்படியாகாது. ஊரில் வேறு எந்த ஆணாவது அடுத்த வீட்டுப் பெண்ணின் விரல் நுனியைத் தொட்டுவிட முடியுமா? வெட்டிப் போட்டுவிடுவார்கள். என் வீட்டுக்காரர் காலையிலிருந்து மாலைவரை ஏதாவது ஒரு கையைப் பிடித்துக்கொண்டேதான் இருப்பார். சோப்புத் தண்ணீரில் நனைத்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, எலும்பை அமுக்கி, வலிக்காமல் வளையலை ஏற்றுவார். புருஷன்மார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது தொழில். அதற்கெல்லாம் நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

என் கைக்கு வந்தவை எல்லாம் ஜோடி சேராத வளையல்கள். ஒரு டஜனில் இரண்டு உடைந்துவிட்டால் மீதியை யாரும் வாங்கமாட்டார்கள். அது எனக்கு. ஒரு கையில் சிவப்பு, இன்னொரு கையில் ஊதா, நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு மஞ்சள். நல்ல சரக்கை நாமே போட்டுக்கொண்டால் வியாபாரம் என்னாவது என்று நானும் பேசாமல் இருந்தேன்.

வளையல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கையில் ஏற்றும்போது வளையல் உடைந்தால் அது கடைக் கணக்கு. எவ்வளவு உடைந்தாலும் கடைக்காரர்தான் தாங்க வேண்டும். ஏறிய பிறகு உடைந்தால் அது போட்டுக்கொண்டவள் பாடு. இந்த வழக்கத்தை என் வீட்டுக்காரர் ஒரே ஒரு பெண்ணுக்காகத்தான் மீறினார். அவள்தான் எல்லம்மாள்.

அவள் ஊர் அடி அண்ணாமலை. மலை சுற்றும் பாதையில் இருக்கிறது. அவள் புருஷன் வேடியப்பனுக்கும் அவனுடைய பங்காளி அப்பாசாமிக்கும் ஒரே கிணறு. யார் முறைக்கு யார் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று சண்டை. எழுபத்துமூன்றாம் வருஷத்துக் கோடையில், வேர்க்கடலை காய்ந்து கொண்டிருந்த சமயம், வேடியப்பன் வரப்பில் ஒளிந்து காத்திருந்து அப்பாசாமியை வெட்டினான். செய்தான். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆத்திரத்தில் வெட்டியிருந்தால் ஆயுளோடு போயிருக்கும், காத்திருந்து வெட்டியதுதான் தூக்குவரை கொண்டுபோய் விட்டது என்று வக்கீல் பலராமன் பிற்பாடு சொன்னார். கோர்ட்டில் தூக்கு என்றார்கள். மெட்ராஸ் ஹைகோர்ட்டும் சரி என்றது. வேடியப்பன் அப்பீலில் தப்பி வெளியே வருவான் என்று காத்திருந்தவர்கள் எல்லாரும் கலைந்து போனார்கள்.

எல்லம்மாள் வயிற்றில் ஒரு குழந்தை இருந்தது. எப்போது கர்ப்பமானாள் என்று கேட்காதீர்கள், ஊர் அதையும் கேட்டது. அவன் பிடிபட்டபோதே அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. அந்தக் குழந்தை வயிற்றிலேயே போனது. வழக்கு முடிவதற்குள் அவளை மாமியார் வீட்டில் ஒதுக்கிவிட்டார்கள். ஹைகோர்ட் தீர்ப்பு வந்த வாரம், எப்படியும் வளையல் உடைக்கப்போகிற கைதானே என்று புது வளையல் போட விடவில்லை. பழைய வளையல் ஒவ்வொன்றாக உடைந்து போய், கையில் ஒன்றோ இரண்டோ மிச்சம். அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் பௌர்ணமி வியாபாரத்துக்கு வளையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார்.

பக்கத்து வீட்டு வஜீதாதான் எனக்குச் செய்தி கொண்டு வந்தாள். இந்த மாதிரிச் செய்தி என்றால் அவளுக்குச் செருப்புப் போடக்கூட நேரம் இருக்காது.

"உன் வூட்டுக்காரரு அந்தக் கொலைகாரன் பொண்டாட்டிக்கு ரெண்டு கை நெறைய வளையல் போட்டாராம். பச்சையில தங்கப் புள்ளி வெச்சதாம். காசே வாங்கலியாம்."

தங்கப் புள்ளி வைத்த பச்சை வளையல் வடக்கேயிருந்து வந்த சரக்கு. கட்டுப் பிரிக்கும்போது நான் தொட்டுப் பார்த்து, திரும்ப வைத்த சரக்கு. ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"காசு வாங்கினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"வாங்கத் தோணல ஜாஹிரா."

"என் கையப் பாருங்க. ஜோடி சேர்ந்தது ஒண்ணு இருக்குதா?"

அவர் என் கையைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நாளைக்கு நல்லதா எடுத்துத் தரேன்" என்றார். அந்த நாளை வரவே இல்லை. அதைவிட மோசமான விஷயத்தை அவரே வாய்விட்டுச் சொன்னார். எல்லம்மாள் கையில் கடைசி வளையலை ஏற்றிவிட்டு, "இது உடையாதும்மா. உடைஞ்சா அது என் கணக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஏறிய வளையலுக்குப் பொறுப்பேற்ற வளையல்காரர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

மறுநாளே பலராமன் வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்றார். டெல்லிக் கோர்ட்டும் கைவிட்டுவிட்டால் கருணை மனு ஒன்றுதான் பாக்கி, ஊர் ஜனம் கையெழுத்துப் போட்டால் நல்லது, செத்தவன் பெண்டாட்டி போட்டால் அதைவிட நல்லது என்றார் வக்கீல். வக்கீலோடு சேர்ந்து தூக்கே கூடாது என்று பேசுகிறவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் எமர்ஜென்சி வந்து, கூட்டம் போடக் கூடாது, நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று ஆகிவிட்டது. அவர்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார்கள். நாலு பெண்கள் வளையல்காரரைச் சுற்றி உட்கார்வதை எந்தப் போலீஸ் தடுக்கும்?

அவருடைய பிரசாரம் அப்படித்தான் நடந்தது. கீழ்பென்னாத்தூர் சந்தையிலும் அடி அண்ணாமலைத் தெருக்களிலும், கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார். வளையல் பாதி ஏறியிருக்கும். எழுந்து போக முடியாது. "செத்தவன் வரமாட்டாம்மா. அப்பாசாமி பொண்டாட்டி கை ஏற்கெனவே வெறுங்கை. இவனையும் தூக்குல போட்டா இன்னொரு வெறுங்கை. ரெண்டு வெறுங்கையால யாருக்கு லாபம்?" என்பார். சில பெண்கள் கையை இழுத்துக்கொண்டு திட்டியதும் உண்டு. வெட்டினவனுக்கு வக்காலத்தா என்று கீழ்பென்னாத்தூரில் ஒருத்தி சோப்புத் தண்ணீரைத் தூக்கி முகத்தில் ஊற்றினாள். துடைத்துக்கொண்டு அடுத்த கையைப் பிடித்தார். சம்மதித்தவளுக்கு மடக்கின கட்டைவிரலை நிமிர்த்தி, மையில் தொட்டு, தாளில் அழுத்துவார். அந்த மை வளையல் துணியெல்லாம் அப்பிக்கொண்டு வரும். துவைத்தது யார்? நான்.

வீட்டில் வேறு பேச்சே இல்லை. எல்லம்மாள் சாப்பிட்டாளா, எல்லம்மாளுக்குக் காய்ச்சலாமே. வேலூர் ஜெயிலுக்கு அவளைத் தனியாக அனுப்பக் கூடாதென்று பஸ் ஏறி இவரும் கூடவே போவார். போய் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார். எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தபோது கடையைச் சாத்தாத மனுஷர், அவளுக்காக வெள்ளிக்கிழமை வியாபாரத்தையே விட்டார். நான் பொறாமைப்படாமல் என்ன செய்வது? பூமாலை போடுவதா?

ஒருநாள் அவள் மூஞ்சியை நேரில் பார்த்துவிடுவது என்று நானே கிளம்பினேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்பதுதான் திட்டம். எல்லம்மாள் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். முழங்கைவரை இரண்டு கையிலும் கந்தல் துணியைச் சுற்றியிருந்தாள். காயமோ என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "பாயம்மாவா? வாங்க" என்று கூப்பிட்டு, துணியைப் பிரித்தாள். உள்ளே பச்சை வளையல், தங்கப் புள்ளி ஒன்றுகூட உதிராமல்.

"ஒண்ணு உடைஞ்சாலும் ஜெயில்ல இருக்கறவருக்கு ஆவாதுன்னு தோணுதுங்க. அதான் கட்டிக்கினு வேலை செய்றேன். தூங்கறப்பவும் கட்டிக்குவேன்."

நாலு வார்த்தை கேட்க வந்தவள், அந்தத் துணியைத் திரும்பச் சுற்ற நுனியைப் பிடித்துக் கொடுத்தேன். பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. ஒரு கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் மனசார வெறுத்திருக்கலாமே. அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாளைக்கே வேடியப்பனைத் தூக்கில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? இவள் தனிக்கட்டை. என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தவர். உடைந்தால் என் கணக்கு என்று சொன்னவர். கஞ்சி ஊற்றுவார், வீடு பார்த்துக் கொடுப்பார், ஆயுசுக்கும் இவளைத் தாங்குவார். எங்களில் இரண்டாவது கல்யாணத்துக்கும் இடம் இருக்கிறது. அவர் மனசில் அப்படி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? இருக்க விடுமா? மலை சுற்றும் பாதையில் அத்தனை கோயிலையும் தாண்டி நடந்த நான், அந்தக் கொலைகாரன் நூறு வருஷம் வாழ வேண்டும் என்று அல்லாவிடம் கேட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். தூக்குத் தண்டனை வேண்டாம் என்று திருவண்ணாமலையில் என்னைப் போல உருகிக் கேட்டவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

ஊர்க் கையெழுத்தெல்லாம் சேர்ந்தது. அப்பாசாமியின் மனைவி பச்சையம்மாளின் கைநாட்டு மட்டும்தான் பாக்கி. அதைக் கெடுத்தவர் என் வீட்டுக்காரரேதான். வளையல்காரர் எவரும் வளையல் உடைத்த வீட்டுப் படி ஏறமாட்டார். கூவிக்கொண்டு போனாலும் அந்த வாசலைத் தாண்டும்வரை குரலை அடக்கிக்கொள்வார். இவருக்கு அது தெரியாதா என்ன? ஆனால் மனுவே நினைப்பாக இருந்த மனுஷர், பழக்கத்தில் வளையல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே போய்ப் பச்சையம்மாள் வாசலில் நின்றுவிட்டார். பெட்டிக்குள் வளையல் குலுங்கியிருக்கிறது. அவள் வெளியே வந்து பார்த்தாள். வெறுங்கைக்காரி வாசலில் வளையல் பெட்டி. தன்னைக் கேலி செய்ய எல்லம்மாள்தான் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தாள். அவளுடைய கொழுந்தன்கள் பெட்டியைப் பிடுங்கித் தெருவில் போட்டு மிதித்தார்கள். இவரை அடிக்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "தப்புப் பண்ணிட்டேன் ஜாஹிரா. என்னாலயே அவன் போயிடுவான்" என்றார். எனக்கோ அவன் போனால் என் குடியே போயிற்று. தாளையும் மைப் பெட்டியையும் முந்தானையில் முடிந்துகொண்டு நான் கிளம்பினேன்.

பச்சையம்மாள் வீட்டுக்குப் பின்னால் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீ அந்த வளையக்கார பாய் சம்சாரம்தானே? தர்மம், புண்ணியம்னு ஆரம்பிச்சின்னா இப்பவே எழுந்து போயிடு" என்றாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. அவன் செத்தா என் குடும்பம் போயிடும். அதுக்குத்தான் வந்தேன்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. எல்லாவற்றையும் கொட்டினேன். தங்கப் புள்ளி வளையல், வேலூர் பஸ், காய்ச்சல் விசாரிப்பு, எதையும் விடவில்லை.

"உன் வூட்டுக்காரரு அப்படிப்பட்ட ஆளா?"

"இல்லக்கா. அதான் பயம். கெட்ட ஆளா இருந்தா திட்டி அடக்கிடுவேன். நல்ல ஆள இன்னா பண்றது?"

பச்சையம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகம் கோணிக்கொண்டது. "என் புருசன் செத்தப்ப ஊரே வந்து அழுதுச்சு. காரியம் முடிஞ்சுது, போயிட்டாங்க. அப்புறம் சாப்ட்டியானு கேக்க ஒரு நாதி இல்ல. இப்ப தெருத் தெருவா எல்லம்மா பாவம், எல்லம்மா பாவம். வெட்டுப்பட்டது என் ஆளு. பாவம் மட்டும் அவளுக்கா?"

எனக்கும் அதே கேள்விதான்.

"அவனையும் தொங்கவிட்டுட்டாங்கன்னு வெச்சுக்கோ, அவளுக்குக் கோயிலே கட்டிடுவாங்க. என்னை யாருன்னுகூடக் கேக்கமாட்டாங்க. வேணாம். அவன் உசுரோடவே கெடக்கட்டும். அவ பஸ் ஏறி ஏறி எறங்கட்டும். ஆம்பள இல்லாத வூட்டுல ராவு எவ்ளோ நீளம்னு அவளும் பாக்கட்டும். எடு தாளை."

கைநாட்டு வைக்க அவள் கையைப் பிடித்தேன். வளையல்காரர் பெண்டாட்டிக்குப் பிடித்ததுமே கையின் அளவு தெரிந்துவிடும். அவளுக்கும் என் அளவுதான். விரலைத் துடைத்துக்கொண்டே அவள் என் கையைப் பார்த்தாள். "இன்னாடி இது, ஒண்ணொண்ணு ஒரு நெறமா கெடக்குது?"

"ஜோடி சேராததுக்கா. அதான் எனக்கு."

"உனக்கும் அப்படித்தானா" என்று சொல்லிவிட்டுக் கடலைக்காயை எடுத்தாள்.

என் வீட்டுக்காரர் அந்தக் கைநாட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்ன சொல்லி வாங்கினாய் என்று கேட்டார். உங்களைப் பற்றித்தான் சொன்னேன் என்றேன், அது நிஜம்தானே. வக்கீல் அதை மனுவில் முதலாவதாக வைத்து, பாதிக்கப்பட்ட பெண்மணியே மன்னித்துவிட்டார் என்று எழுதினார். மன்னிப்பாவது, மண்ணாங்கட்டியாவது. ஆனால் அந்தத் தாளைப் படித்த பெரிய மனுஷர்கள் நம்பியிருக்க வேண்டும். வேடியப்பனுக்குத் தூக்கு ரத்து, ஆயுள் தண்டனை என்று உத்தரவு வந்தது. ஊரே என் வீட்டுக்காரரைத் தோளில் தூக்காத குறை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். போளூரிலிருந்து ஒரு தூக்குக் கைதியின் அம்மா வந்தாள், செங்கத்திலிருந்து ஒருத்தனின் அக்கா வந்தாள். எல்லாருக்கும் இவர் மையும் தாளுமாகப் புறப்பட்டார். சிலர் பிழைத்தார்கள். ஒருத்தனைத் தொங்கவிட்டேவிட்டார்கள். அன்றைக்குக் கடையைத் திறக்காமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். நான் செத்தால்கூட இவ்வளவு நேரம் சுவரைப் பார்ப்பாரா என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. தோன்றியதைத்தான் சொல்கிறேன்.

எண்பத்தாறாம் வருஷம், தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், வேடியப்பன் விடுதலையாகி வந்தான். எல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்தான். தலை நரைத்து, குரல் இறங்கி, வேறு ஆளாக இருந்தான். பச்சையில் தங்கப் புள்ளி வைத்ததைக் கேட்டான். என் வீட்டுக்காரர் எடுத்து வைத்து எல்லம்மாளின் கைக்குக் கையை நீட்டியதும், "பாய், நான் போட்டுவிடட்டுங்களா?" என்றான்.

அவனுக்குப் போடத் தெரியவில்லை. கை நடுங்கிற்று. முதல் வளையல் உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. எல்லம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். "ஏத்தறப்ப உடைஞ்சா கடைக் கணக்கு வேடியப்பா. நீ பாட்டுக்குப் போடு" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வளையல் போட்ட கை என் வீட்டுக்காரருடையது. அந்தக் கை என் கையைப் பிடிக்கும்போது ஒரு தடவையாவது அப்படி நடுங்கியதுண்டா? நான் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் எதிர்ச் சாரியில் பச்சையம்மாளைப் பார்த்தேன். சாமான் வாங்கிய பையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தெருவைத் தாண்டி வந்தாள். கூட்டம் தானாக விலகியது. வேடியப்பன் அவளைக் கண்டு எழுந்தான். சோப்புத் தண்ணீர் சொட்டுகிற கையைக் கட்டிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டான். எல்லம்மாள் வளையல் ஏறிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பச்சையம்மாள் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"பாயம்மா, உனக்காவது அடங்குச்சா?"

"இல்லக்கா."

"எனக்கும் இல்ல." பையைக் கை மாற்றிக்கொண்டாள். "அவனைத் தொங்கவிட்டிருந்தாலும் அடங்கியிருக்காது, போ."

அவள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போனாள். என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல், "எது அடங்கல ஜாஹிரா?" என்று கேட்டார். நான் விளக்குமாற்றை எடுத்து வந்து உடைந்த வளையல் துண்டுகளைப் பெருக்கினேன்.